மோட்டார் கொடுத்தார்கள், ஸ்பானர் கொடுக்கவில்லை

குளச்சலிலோ உவரியிலோ மணப்பாட்டிலோ மூக்கையூரிலோ, கரையேற்றி வைத்திருக்கும் ஒரு பைபர் படகின் அவுட்போர்ட் மோட்டாரின் மூடியைத் திறந்து பாருங்கள். பழைய மோட்டாராக இருந்தால் முதலில் கண்ணில் படுவது மூலை மழுங்கிய போல்ட் தலைகளாகத்தான் இருக்கும். ஆறு பக்கம் இருக்க வேண்டிய தலை ஏறக்குறைய வட்டமாகியிருக்கும். சிலவற்றில் உளியை வைத்துச் சுத்தியலால் தட்டித் திருப்பிய வெட்டு இருக்கும். கார்புரேட்டர் ஸ்க்ரூவின் கூட்டல் குறிப் பள்ளம் தேய்ந்து வெறும் குழியாகியிருக்கும். லட்ச ரூபாயைத் தாண்டிய விலையில், பெரும்பாலும் கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ வாங்கிய இயந்திரம் அது.

இதைப் பார்த்துவிட்டு, “மீனவர்களுக்குப் பராமரிக்கத் தெரியாது” என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அது அநியாயமான பேச்சு. தன் சோற்றுக்கு வழியான மோட்டாரை வேண்டுமென்று யாரும் உளியால் அடிப்பதில்லை. சரியான ஸ்பானர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும்போது, விடிவதற்குள் கடலுக்குப் போக வேண்டியவர் கையில் கிடைத்ததை எடுக்கிறார். கேட்க வேண்டிய கேள்வி, அந்தச் சரியான ஸ்பானர் ஏன் அவர் ஊரில் இல்லை என்பதுதான்.

தமிழ்நாட்டின் தென்கோடிக் கடற்கரையில் கட்டுமரமும் பாய்வள்ளமும் மோட்டாருக்கு மாறியது ஒரு தலைமுறைக்கு முந்தைய கதை. முட்டத்தில் பெல்ஜியப் பொறியாளர் பியர் ழிலே உள்ளூர் மீனவர்களோடு சேர்ந்து ஒட்டுப்பலகை வள்ளங்களை உருவாக்கிய காலத்திலிருந்து, 2004 சுனாமிக்குப் பின் பைபர் படகுகள் பெருகியது வரை, ஒவ்வொரு கட்டத்திலும் மோட்டார் கூடவே வந்தது. அரசும் துணை நின்றது. மோட்டாருக்கு மானியம் உண்டு, மண்ணெண்ணெய்க்கு மானியம் உண்டு. இவற்றைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் மோட்டாரைக் கொடுத்த திட்டங்கள் எதுவும், அதைத் திறந்து மூடும் கருவி எங்கே கிடைக்கும் என்பதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

புது மோட்டார் வாங்கும்போது ஒரு சின்னப் பை கூடவே வரும். பிளக் ஸ்பானர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், பிளையர், அவசரத்துக்குச் சுற்றி இழுக்க ஒரு கயிறு, மிஞ்சினால் ஒன்றிரண்டு ஸ்பானர். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்ட அது போதும். அதற்கு மேல் எதைத் தொட வேண்டுமானாலும் கடைக்குத்தான் போக வேண்டும். கடையில் இருப்பதோ லாரிக்கும் மோட்டார் பம்புக்கும் பைக்குக்கும் வைத்திருக்கும் கருவிகள்.

அளவுச் சிக்கலை எடுத்துக்கொள்வோம். நம் கடற்கரையில் ஓடும் மோட்டார்களில் பெரும்பாலானவை யமஹா, சுசுகி போன்ற ஜப்பானியத் தயாரிப்புகள். எட்டு எம்.எம். தடிமனுள்ள போல்ட்டுக்கு உலகின் பல நாடுகளில் 13 எம்.எம். தலை இருக்கும். ஜப்பானியர்கள் அதற்கு 12 எம்.எம். தலை வைக்கிறார்கள். பத்து எம்.எம். போல்ட்டுக்கு மற்றவர்கள் 16 அல்லது 17 வைக்கும் இடத்தில் அவர்கள் வைப்பது 14. நம் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் டபுள் எண்ட் ஸ்பானரில் ஒரு முனை 12, மறுமுனை 13. இருட்டில், ஆடும் படகில், எண்ணெய்க் கையோடு எடுக்கும்போது எந்த முனை எது என்று தெரியாது. 12 எம்.எம். தலையில் 13-ஐப் போட்டு ஒருமுறை பலமாக இழுத்தால் மூலை போய்விடும். அதன் பிறகு சரியான ஸ்பானரே வந்தாலும் வழுக்கும்.

பழைய எவின்ரூட், ஜான்சன் போன்ற அமெரிக்க மோட்டார் வைத்திருப்பவர் பாடு இன்னும் மோசம். அவற்றில் அங்குலக் கணக்கு. அரை அங்குலம் என்பது 12.7 எம்.எம். 12 நுழையாது, 13 தளர்வாக ஆடும். ஒன்பதின் கீழ் பதினாறு அங்குலம் என்பது 14.29 எம்.எம். 14 நுழையாது, 15 வழுக்கும். எவின்ரூட் மோட்டார் உற்பத்தியே 2020-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. உதிரிபாகத்துக்கே அலைய வேண்டிய நிலையில், அங்குல ஸ்பானர் செட்டைத் தேடி ஒருவர் எத்தனை கடை ஏறுவார்?

பிளக்கிலும் இதே கதை. இந்த மோட்டார்களில் பலவற்றின் பிளக்குக்கு 21 எம்.எம். பிளக் ஸ்பானர் வேண்டும். இப்போது வரும் பைக்குகளில் பிளக் தலை சிறுத்து 16 எம்.எம். வரை இறங்கிவிட்டது. மோட்டாரோடு வந்த பிளக் ஸ்பானர் கடலில் விழுந்துவிட்டால், பைக்கின் கருவிப் பை உதவிக்கு வராது. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் மோட்டாரில் பிளக் சீக்கிரம் கரி பிடிக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த ஒரு கருவி இல்லாமல் போவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரியும்.

ஸ்க்ரூ விஷயம் பலருக்கும் தெரியாத ஒன்று. ஜப்பானிய மோட்டாரில் உள்ள கூட்டல் குறி ஸ்க்ரூவும், நாம் “ஸ்டார்” என்று கேட்டு வாங்கும் டிரைவரும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பள்ளத்தின் வடிவம் வேறு. நாம் வாங்கும் டிரைவரின் நுனி ஜப்பானிய ஸ்க்ரூவின் அடிவரை போய் உட்காராது. அழுத்தித் திருகினால் மேலே ஏறி வந்து பள்ளத்தைக் கிழித்துவிடும். ஸ்க்ரூ தலையில் ஒரு சிறு புள்ளி குத்தியிருந்தால் அது ஜப்பானிய அளவு என்பதற்கான அடையாளம். இதற்கென்றே தனி டிரைவர் உண்டு. உப்பில் இறுகிய ஸ்க்ரூவைத் தளர்த்த, பின்னால் சுத்தியலால் தட்டத் தட்டத் தானே திரும்பும் இம்பாக்ட் டிரைவரும் உண்டு. இரண்டுமே பெரிய விலை இல்லை. ஆனால் மீனவ ஊர்களை ஒட்டிய சிறு நகரக் கடைகளில் இவற்றைக் கேட்டு வாங்குவது அரிது. கேட்பவருக்கே இப்படி ஒன்று இருக்கிறது என்று யாரும் சொல்லித் தராதபோது கடைக்காரர் எதற்கு வாங்கி வைப்பார்?

இதோடு உப்பும் சேர்கிறது. மோட்டாரின் உடல் அலுமினியம், போல்ட் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இந்த இரண்டுக்கும் நடுவே கடல்நீர் புகுந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி பூக்கும். அந்தப் பொடி மரைக்குள் இறுகி, போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும். நிலத்தில் ஓடும் வண்டியில் டபுள் எண்ட் ஸ்பானர் இரண்டு பக்கத்தை மட்டும் பிடித்துத் திருப்பிவிட முடிகிற போல்ட்டை, கடல் மோட்டாரில் ஆறு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கும் சாக்கெட் கொண்டுதான் அசைக்க முடியும். மாட்டும்போது மரையில் மரைன் கிரீஸ் தடவினால் அடுத்த முறை சுலபமாகக் கழலும். அந்த கிரீஸும் ஊரில் கிடைப்பதில்லை. ஆட்டோ கடையில் விற்கும் சாதாரண கிரீஸை உப்புத்தண்ணீர் சீக்கிரமே கழுவிக்கொண்டு போய்விடும்.

இவையெல்லாம் கடையில் தேடினால் என்றாவது கிடைக்கக்கூடியவை. சில கருவிகள் நம் பக்கத்துக் கடைகளில் கிடைக்காது. ஃபிளைவீல் புல்லர் அப்படிப்பட்டது. மோட்டார் பொறி தரவில்லை என்றால் காயிலைப் பார்க்க வேண்டும். காயில் பல மோட்டார்களில் ஃபிளைவீலுக்கு அடியில் இருக்கிறது. ஃபிளைவீல், கூம்பாகக் கடைந்த தண்டில் இறுகி உட்கார்ந்திருக்கும். நட்டைக் கழற்றினாலும் தானாக வராது. அதன் முகத்தில் உள்ள மரைத் துளைகளில் போல்ட் மாட்டி நடுத்தண்டை அழுத்தி எழுப்புகிற புல்லர் வேண்டும். அது இல்லாதவர், பம்பு செட் கடையில் கிடைக்கும் நகப் புல்லரை விளிம்பில் மாட்டி இழுக்கிறார். விளிம்பு கோணுகிறது, உள்ளே ஒட்டிய காந்தம் விரிசல் விடுகிறது. அதுவும் இல்லாதவர் தண்டின் தலையில் சுத்தியலால் அடிக்கிறார். கிராங்கும் பேரிங்கும் அடி வாங்குகின்றன. ஒரு காயில் மாற்றிச் சரி செய்ய வேண்டிய பழுது, மோட்டாரின் பாதி விலைக்குப் போய் நிற்கிறது.

சில ஊர்களில் வெல்டிங் பட்டறைக்காரர் தடித்த இரும்புத் தகட்டில் மூன்று துளை போட்டு, நடுவில் ஒரு பெரிய போல்ட்டை இறக்கி, தானே புல்லர் செய்து கொடுத்துவிடுகிறார். நன்றாகவே வேலை செய்கிறது. அந்தக் கைத்திறனுக்குத் தலைவணங்க வேண்டும். ஆனால் ஒரு ஊரில் அப்படி ஒருவர் இருப்பதும் அடுத்த ஊரில் இல்லாமல் போவதும் அதிர்ஷ்டத்தின் கையில் இருக்கலாகாது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது தண்ணீர் பம்பு. மோட்டார் ஓடும்போது பின்புறம் ஒரு சின்னத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். அது நின்றுவிட்டால் உள்ளே குளிர்ச்சி இல்லை என்று பொருள். கவனிக்காமல் ஓட்டினால் பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். நின்று போவதற்குப் பெரும்பாலும் காரணம் இம்பெல்லர் என்ற சிறிய ரப்பர்ச் சக்கரம். கரையோரம் மணல் கலந்த தண்ணீரை இழுத்து இழுத்து அதன் இதழ்கள் தேயும், கிழியும். விலை குறைந்த பொருள்தான். ஆனால் அதை எட்ட, மோட்டாரின் கீழ்ப்பகுதியான கியர் பெட்டியை முழுதாக இறக்க வேண்டும். அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் சில குழிக்குள் இருக்கின்றன. ரிங் ஸ்பானர் நுழையாது. நீண்ட எக்ஸ்டென்ஷன் மாட்டிய சாக்கெட்தான் நுழையும். சில மாடல்களில் டிரிம் டேப் என்ற சிறு தகட்டைக் கழற்றினால்தான் கண்ணில் படும் போல்ட் ஒன்றும் உண்டு. அது இருப்பது தெரியாமல் கியர் பெட்டியை நெம்பி உடைத்தவர்கள் இருக்கிறார்கள். கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள், சீல் மாற்ற வேண்டும். அந்த சீலை எட்ட சில மோட்டார்களில் வட்ட நட்டைத் திருப்பும் தனிச் சாவி வேண்டும். அது மோட்டாருக்கு மோட்டார் வேறுபடும்.

இந்தத் தனிக் கருவிகளின் பெயரும் எண்ணும் கம்பெனியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கின்றன. அந்தக் கையேடு டீலரிடம் இருக்கும். வாங்குபவர் கையில் வருவது ஓட்டுபவருக்கான சிறு புத்தகம். அதில் எந்த இடத்தில் எந்த அளவு ஸ்பானர் என்ற விவரம் தேடினாலும் கிடைக்காது. இருப்பதும் ஆங்கிலத்தில்.

ஆக, சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டும். நாற்பது கிலோ எடையை ஒட்டிய மோட்டாரைப் படகிலிருந்து கழற்றி, மணலில் சுமந்து, ஆட்டோ பிடித்து நகரத்துக்குக் கொண்டு போக வேண்டும். அங்கே வரிசை. உதிரிபாகம் இல்லையென்றால் மறுபடி ஒருநாள். இதனிடையே படகு சும்மா கிடக்கிறது. அந்தப் படகை நம்பிய இரண்டு மூன்று குடும்பங்களுக்கு அன்று பாடு இல்லை. விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சிறு படகுக்காரர் பிடிக்கும் மீனுக்கு நல்ல விலை கிடைக்கும் நாட்கள் அவை. அந்த நாட்களில் ஒரு ஸ்பானருக்காக மோட்டார் முடங்கினால் ஏற்படும் நட்டத்தை வேறு எந்த மாதத்திலும் ஈடுகட்ட முடியாது.

பணம் போனால் போகட்டும், உயிர்? ஸ்டார்ட்டர் கயிறு நடுக்கடலில் அறுந்துபோவது சாதாரணமாக நடப்பது. அந்தக் கயிறு சுருண்டிருக்கும் மேல்கூடை பெரும்பாலான சிறு மோட்டார்களில் மூன்று போல்ட்டில் நிற்கிறது. 10 எம்.எம். ஸ்பானர் ஒன்று கையில் இருந்தால் கூடையைக் கழற்றி, ஃபிளைவீலில் கயிற்றைச் சுற்றி இழுத்துக் கிளப்பிக் கரை சேர்ந்துவிடலாம். அது இல்லாவிட்டால் நீவாடு என்கிற கடல் நீரோட்டம் இழுத்த இழுப்புக்குப் போக வேண்டியதுதான். பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் மோட்டார் பழுதாகி எல்லைக்கோட்டைத் தாண்டி மிதந்து போனவர்கள், சிறைக்குப் போனவர்கள் பற்றிய செய்திகளை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம். மீனவர்களுக்கான பாதுகாப்புச் சாதனங்கள் என்று மிதவை உடை, ஜி.பி.எஸ். போன்றவற்றை மானியத்தில் தருகிறார்கள். மிக நல்ல திட்டம். அந்தப் பட்டியலில் ஒரு ஸ்பானர் பையும் சேர வேண்டும். மோட்டாரை மறுபடி ஓட வைக்கும் கருவியும் கடலில் ஓர் உயிர்காக்கும் கருவிதான்.

வழி இல்லாத பிரச்னை அல்ல இது. உழவர்களுக்கு வேளாண் இயந்திர வாடகை மையங்கள் இருக்கின்றன. சொந்தமாக வாங்க முடியாத இயந்திரத்தை அங்கே வாடகைக்கு எடுக்கிறார்கள். ஃபிளைவீல் புல்லரும் வட்ட நட்டுச் சாவியும் போல்ட்டை அளவோடு இறுக்கும் டார்க் ரெஞ்சும் ஒரு குடும்பத்துக்கு வருடத்தில் ஓரிரு முறை தேவைப்படுபவை. ஒவ்வொருவரும் வாங்கி வைப்பது வீண். ஊருக்கு ஒரு செட் போதும். மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் கடற்கரை நெடுக இருக்கின்றன. ஒவ்வொரு சங்கத்திலும் ஒரு கருவி அறை, பதிவேட்டில் கையெழுத்திட்டு எடுத்துப்போய்த் திருப்பித் தரும் முறை, அந்த ஊரில் ஓடும் மோட்டார் வகைகளுக்கு ஏற்ற கருவிகள். மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை நினைத்தால் இதை ஒரே நிதியாண்டில் செய்ய முடியும். கடல் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிக் கட்டும் ஒரு தூண்டில் வளைவுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது கணக்கிலேயே வராத தொகை. வலை விற்கும் கூட்டுறவு இணையம் மரைன் கிரீஸும் இம்பெல்லரும் ஜப்பானிய அளவு டிரைவரும் வாங்கி விற்பதற்கு என்ன தடை?

மானியத்தில் மோட்டார் வழங்கும்போது கம்பெனிகளிடம் அரசு நிபந்தனை போட முடியும். மோட்டாரோடு முழுமையான கருவிப் பை, தமிழில் அச்சிட்ட ஒரு அட்டை: எந்த இடத்துக்கு எந்த அளவு, எதை எத்தனை மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், எந்த போல்ட்டை எந்த வரிசையில் இறுக்க வேண்டும். தண்ணீர் பட்டால் கிழியாத அட்டையாக இருக்க வேண்டும். மானியம் கொடுக்கும் அரசு கேட்டால் எந்தக் கம்பெனியும் மறுக்காது.

ஒன்றிய அரசிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. 2022-இல் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்து, இணையதளமும் தொடங்கியது. வேளாண் கருவிகள், செல்போன்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என நான்கு துறைகளை முதலில் தேர்ந்தெடுத்தார்கள். டிராக்டர் வைத்திருப்பவருக்காகப் பேசப்படும் அந்த உரிமை, மோட்டார் வைத்திருக்கும் மீனவருக்கும் வேண்டும். சர்வீஸ் கையேடும் தனிக் கருவிகளும் டீலருக்கு வெளியே விலைக்குக் கிடைக்க வேண்டும்.

பயிற்சிக்கும் இடங்கள் இல்லாமல் இல்லை. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய மீன்வளக் கடல்சார் பொறியியல் பயிற்சி நிறுவனத்துக்குச் சென்னையில் ஒரு பிரிவு இருக்கிறது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஊர் மெக்கானிக்குகளைச் சென்னைக்கும் நாகைக்கும் வரச் சொல்வதை விட, ஒரு வேனில் கருவிகளோடு ஆசிரியர்கள் ஊருக்கு வருவது நல்லது. கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, கையால் கற்றுக்கொண்ட அந்த மெக்கானிக்குகளுக்குத் திறமை ஏற்கெனவே இருக்கிறது. அவர்களுக்குத் தேவை சரியான கருவியும் ஒரு சான்றிதழும். சான்றிதழ் இருந்தால் வங்கியில் கடன் கிடைக்கும், பட்டறை வைக்கலாம்.

கடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. “குரோம் வெனடியம்” என்று பொறித்து, பளபளவென்று மலிவு விலையில் விற்கும் ஸ்பானர் செட்டுகளில் பல வெறும் மெல்லிரும்பு. இரண்டு முறை பலமாக இழுத்தால் வாய் விரிந்துவிடும். விரிந்த ஸ்பானர் இன்னொரு போல்ட்டை மழுக்கும். கடற்கரை ஊர்ச் சந்தைகளில் இதைச் சோதிப்பது அதிகாரிகளின் கடமை.

இதெல்லாம் நடக்கும் வரை, படகு வைத்திருப்பவர்கள் தங்கள் மோட்டாருக்குச் சரியாகப் பொருந்தும் 10, 12, 14 ரிங் ஸ்பானர்கள், பிளக் ஸ்பானர், பிளையர், அகலமான தட்டை ஸ்க்ரூ டிரைவர், இரண்டு பிளக், ஸ்பிளிட் பின், ஒரு கயிறு ஆகியவற்றை எப்போதும் படகில் வைத்திருங்கள். இருபுறமும் மூடி போட்ட பி.வி.சி. குழாய்த் துண்டுக்குள் எண்ணெய்த் துணி சுற்றி வைத்தால் துருப்பிடிக்காது. ஒவ்வொரு கருவியிலும் கயிறு கட்டுங்கள், கை தவறினாலும் கடலுக்குள் போகாது.

கடலோர மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் மீனவர் குறைதீர் கூட்டம் நடக்கிறது. அடுத்த கூட்டத்துக்குப் போகும் ஊர்த் தலைவர்களும் சங்க நிர்வாகிகளும், மானியம் கேட்டும் தூண்டில் வளைவு கேட்டும் கொடுக்கும் மனுக்களோடு இந்த மனுவையும் கொடுங்கள். எங்கள் ஊரில் இத்தனை மோட்டார், இன்ன கம்பெனி, இன்ன மாடல், அவற்றுக்கு இன்னின்ன கருவி வேண்டும், அதைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைக்க வேண்டும் என்று பட்டியல் போட்டு எழுதுங்கள். ஊர் மெக்கானிக்கை உட்கார வைத்துக் கேட்டால் ஒரு மாலைப் பொழுதில் அந்தப் பட்டியல் தயாராகிவிடும். பதில் எழுத்தில் வரும்வரை விடாதீர்கள்.